திருமஞ்சனம் கண்ட பேனா

கும்மிடிப்பூண்டியை அடுத்த அந்தத் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கினார்கள், ரப்பரைக் காய்ச்சினார்கள், பல்பு செய்தார்கள். ஆனால் அங்கே எது அசைவதானாலும் முதலில் ஒரு பேனா அசைய வேண்டும். அது பேட்டை அதிகாரி ஆதிகேசவனின் பேனா.

பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. மூடியிருக்கும்போது பார்த்தால், செய்துகொண்டிருந்தவன் பாதியில் சாப்பிடப் போய்விட்டான் என்று தோன்றும். அத்தனை குட்டை. மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினால்தான் அது முழுப் பேனாவாகும். உள்ளே பச்சை மை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமை பேட்டையில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. அதனால் அந்தப் பேனாவை மேஜையில் வைக்கும்போதுகூட அவர் ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல விடுவார்.

அந்த அலுவலகத்தில் எம்பார் ஒரு குமாஸ்தா. திருவள்ளூர்க்காரர். வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாளை நீராட்டித் திருமஞ்சனம் செய்கிறவர்கள். அண்ணனுக்குக் கோயில் வந்தது, தம்பிக்கு ஆபீஸ் வந்தது. தினமும் பெரியபாளையத்தில் பஸ் மாறி வருவார். கையில் மூடி போட்ட பெரிய மூங்கில் கூடை. அதில் மத்தியானச் சாப்பாடு, அவர் வீட்டு வழக்கில் தளிகை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வாசல் காவலாளி அருணாச்சலம் வழக்கப்படி கூடையின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டான். அயலார் கண் பட்ட சாதத்தை எம்பார் வீட்டில் சாப்பிடுவதில்லை. எம்பார் அவன் எதிரிலேயே வேலியோரம் போய்ச் சாதத்தைக் காக்கைக்குக் கொட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தக் கூடை வரும்போதெல்லாம் அருணாச்சலம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

"இன்னா சாமி கூடையில?" என்று கேட்பான். கேட்க வேண்டும் என்பது விதி.

"தளிகை."

"போங்க சாமி" என்று சுவரிடம் சொல்வான்.

இதை மரியாதை என்று எம்பார் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அலுவலகப் பொறுப்பு எம்பாருடையது. மற்றவர்கள் டைப்ரைட்டருக்குச் சந்தனம் வைத்து, முத்திரைக் கட்டைகளுக்குக் குங்குமம் வைத்து, பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதிகாரியின் பேனா மட்டும் ஒரு தட்டில் இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. எம்பாருக்கு மனசு வரவில்லை. பேட்டையையே நடத்துகிற பொருளுக்கு ஒரு பொட்டுதானா? பக்தி பாதி, அதிகாரியின் மனம் குளிரட்டும் என்பது பாதி. எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது.

பேனாவைப் பிரித்தார். பால் விட்டார், தேன் விட்டார், மஞ்சள் நீர் விட்டார். உள்ளே இருந்த மைக்குழாயையும் உருவி எடுத்தார். தகரக் கூட்டுக்குள் மெல்லிய ரப்பர் பை. அதை அமுக்கி விட்டால் மையை உறிஞ்சிக்கொள்ளும். இப்போது தேனை உறிஞ்சிக்கொண்டது. தேன் போகட்டும் என்று வெந்நீர் விட்டார். விக்கிரகத்துக்கு வெந்நீர் ஆகும். ரப்பருக்கு ஆகாது. அவர் பரம்பரையில் யாரும் ரப்பருக்குத் திருமஞ்சனம் செய்ததில்லை, அதனால் சொல்லிவைக்கவில்லை. பை பிசுபிசுத்துப் பசையாயிற்று. இழுத்துப் பார்த்தார். வாய் கிழிந்து கையோடு வந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. பேனாவைத் துடைத்து, குழாய் இல்லாமலே மூட்டி, சந்தனம் இட்டு, ஒரு சாமந்திப் பூவும் வைத்தார். கிழிந்த குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார். பெரியபாளையத்தில் இறங்கியபோது, எந்த நாளும் பெருமாளைத் தவிர யாரையும் கும்பிடாத எம்பார், பவானியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். அவளாவது கேட்கமாட்டாளா என்று இருந்தது.

வீட்டில் எங்கே ஒளிப்பது? மனைவி கோதைநாயகி கை வைக்காத இடம் ஒன்றே ஒன்று, நாமக்கட்டி வைக்கும் அவருடைய திருமண் பெட்டி. அதில் வைத்தார்.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தது. ஆதிகேசவன் பேனாவில் மை நிரப்பத் திருகினார். திருகியவர் அப்படியே நின்றார்.

"கன்வர்ட்டர் காணோம்."

அதன் பெயர் கன்வர்ட்டர் என்பதே எம்பாருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெயர் தெரிந்ததும் பாவம் இன்னும் பெரிதானதுபோல இருந்தது.

தலைமைக் குமாஸ்தா யதிராஜன் ஓடி வந்தார். அவருக்கு எல்லாச் சுற்றறிக்கைகளும் மனப்பாடம். "வேற பேனா தரட்டுமா சார்?"

"போன வருஷம் ஒருமுறை வேறு பேனாவில் போட்டேன்" என்றார் ஆதிகேசவன். "எழுத்து கொஞ்சம் தடிமனாக விழுந்தது. நான் நான்தானா என்று தலைமை அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். நான்தான் என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா? அது தீரும் வரை நான் இல்லாமலே நான் வேலை பார்த்தேன்."

"மைக்கூட்டில் தொட்டுப் போடலாமே சார்" என்றார் எம்பார், தயங்கித் தயங்கி.

யதிராஜன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தொட்டு எழுதுவது குமாஸ்தாக்கள்" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அதிகாரி மையைத் தேடிப் போகக் கூடாது எம்பார். மை அதிகாரிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதுதான் நிர்வாகம்."

அன்று கையெழுத்துக்காகக் காத்திருந்த காகிதங்களில் மேலாக இருந்தது மேரியுடையது.

மேரி பல்பு கம்பெனியில் வேலை செய்பவள். அவள் புருஷன் ஆந்திராப் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிருந்தான். கைக்குழந்தை ஜெயராஜ், மூன்று மாதம். பேட்டைக்குள் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் இருந்தது. ஆயா இருந்தாள், ஏணைகள் இருந்தன. ஆனால் குழந்தை வாசலைத் தாண்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டு மணியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வேலிக்கு வருவாள். ஷிப்ட் முடியும்வரை மேரி உள்ளே, அனுமதி வரும்வரை பிள்ளை வெளியே. நடுவில் முள்கம்பி. கம்பி இரண்டை விலக்கி, சேலைத் தலைப்பைச் சுற்றி முள்ளை மறைத்து, அந்த இடைவெளியில் பால் கொடுப்பாள்.

எம்பார் சாப்பிடும் ஜன்னலிலிருந்து அது தெரியும். அன்றுமுதல் அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்படியும் பிள்ளை அழுவது கேட்டது.

"சாமி, இன்னா ஆச்சு நம்ம காயிதம்?" என்று மேரி தினமும் கேட்பாள்.

"பேனா ரிப்பேரும்மா."

"எப்பேர்ப்பட்ட இரும்பெல்லாம் உருக்குறாங்கோ. ஒரு பேனாவ சரி பண்ண முடியலியா?" என்று சிரிப்பாள். திட்டியிருந்தால் எம்பாருக்கு நன்றாக இருந்திருக்கும்.

கன்வர்ட்டர் கண்டறியும் குழு அமைக்கப்பட்டது. யதிராஜன் தலைவர், எம்பார் உறுப்பினர். முதல் கூட்டத்தில் இரண்டாம் கூட்டம் எப்போது என்று முடிவாயிற்று. இரண்டாம் கூட்டத்தில், வாங்கப்போகும் கன்வர்ட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 'மாதிரியில் உள்ளபடி இருக்க வேண்டும்' என்று யதிராஜன் சொல்ல, எம்பார் எழுதினார். 'மாதிரி இல்லை' என்றும் அவர் சொன்னார், எம்பார் அதையும் எழுதினார். மாதிரி திருவள்ளூரில், திருமண் பெட்டியில் இருந்தது.

அலுவலக ஜீப் மெட்ராஸ் போயிற்று. பை நிறையக் கன்வர்ட்டர்களோடு வந்தது. ஒன்று நீளம், செருகினால் பேனா மூடவில்லை. ஒன்றின் வாய் சின்னது, நுழையவில்லை. இன்னொன்று நுழைந்தது, ஆனால் தலைகீழாகப் பிடித்ததும் விழுந்துவிட்டது. 'வாங்கி வந்தவை அனைத்தும் தரமானவை. பேனாதான் குட்டை' என்று குழு அறிக்கை கொடுத்தது. ஆதிகேசவனின் முகம் சிவந்தது. பிறகு அது, 'சந்தையில் உள்ள கன்வர்ட்டர்கள் தேவைக்கு மீறி வளர்ந்துள்ளன' என்று திருத்தப்பட்டது.

பேட்டையிலேயே இருந்த ரப்பர் கம்பெனிக்காரர்கள், தாங்களே ஒன்று வார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் புதுப்பொருள் செய்வதானால் அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கையெழுத்து வேண்டும். யோசனை நல்ல யோசனை என்று பாராட்டி, கையெழுத்துக்காக வைத்தார்கள்.

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. குழாயில் மிச்சமிருந்த மை திருமண் கட்டியில் ஊறியிருந்தது. எம்பார் கவனிக்காமல் குழைத்து இட்டுக்கொண்டு வந்தார். வெயிலில் காய்ந்ததும் வெள்ளை நாமம் இளம்பச்சையாகத் தெரிந்தது.

ஆதிகேசவன் அவரை உற்றுப் பார்த்தார். "யதிராஜன், பச்சை யாருக்கு?"

"அதிகாரிகளுக்கு மட்டும் சார்."

"காகிதத்தில் மட்டும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறதா?"

யதிராஜன் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். "இல்லை சார். நெற்றியைப் பற்றி ஒன்றும் இல்லை."

"அப்படியானால் நெற்றியும் அடக்கம்" என்றார் அதிகாரி. எம்பாரிடம் நெற்றிக்கு விளக்கம் கேட்கப்பட்டது. ஈரம் பட்டுப் பாசி பிடித்துவிட்டது என்று எம்பார் எழுதிக் கொடுத்தார். பொய் ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று. அதுவும் திருமண்ணின் பேரில்.

அன்று சாயங்காலம் கோதைநாயகி கேட்டாள். "ஏன்னா, சாதம் அப்படியே இருக்கு. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடி."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை நாளா முகம் இப்படி இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை குழாயை மடியில் கட்டிக்கொண்டு எம்பார் தாமே மெட்ராஸ் போனார். பாரிமுனையில் பேனாக் கடை கடையாக ஏறினார். கடைசிக் கடைக்காரர் கிழிந்த குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது குட்டைப் பேனாவுக்குன்னே வர்ற சாமான் சார். பேனாவோட வருது, பேனாவோட போவுது. தனியா கிடைக்காது. இன்னா, புள்ள உடைச்சிட்டானா?"

"இல்லை. நான்தான்" என்றார் எம்பார். முன்பின் தெரியாத ஒருவரிடம் உண்மை எவ்வளவு சுலபமாக வருகிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே ரயில் ஏறினார்.

மறுநாள் மத்தியானம் அவரால் ஜன்னலோரம் உட்கார முடியவில்லை. வேலிக்கே போய்விட்டார். பிள்ளைக்குச் சளி. மேரி கம்பி வழியாகக் கையை நீட்டி, சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் குழல், அதன் தலையில் சின்ன ரப்பர்க் குமிழ். அமுக்கி விட்டால் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

எம்பார் அந்தக் குமிழையே பார்த்தார். மடியிலிருந்த கிழிந்த குழாயைத் தடவிப் பார்த்தார். வாய் அதே வாய். உயரமோ அதைவிடக் குறைவு. குட்டைப் பேனாவுக்குள் அடங்கிவிடும்.

"இன்னா சாமி அப்படிப் பாக்கற?"

"அந்த ரப்பர்... பேனாவுக்குச் சேரும்போல இருக்கும்மா."

அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. குமிழைப் பிடுங்கி நீட்டினாள். "இந்தா, எடுத்துக்கோ."

"குழந்தைக்கு மருந்து?"

"சங்குல ஊத்திக்கிறேன். சங்குல ஊத்துனா இறங்காதா? நீ போய் அந்தப் பேனாவ எயுந்து நிக்க வை சாமி." மணியம்மாளிடம் திரும்பி, "இந்தச் சாமி ஒண்ணுதான் நமக்காக அலையுது அக்கா" என்றாள்.

அந்தச் சொல் எம்பாரைச் சுட்டது. குமிழ் உள்ளங்கையில் கிடந்தது, இன்னும் மருந்து வாசனையோடு.

பேனா எழுந்து நின்றது. குமிழ் கச்சிதமாகச் சேர்ந்தது, பேனா மூடியது, பச்சை மை தாராளமாக வந்தது. அலுவலகம் முழுவதும் அறைக்குள் கூடிவிட்டது. ஆதிகேசவன் முதல் கையெழுத்தைக் கன்வர்ட்டர் கண்டறியும் குழுவைக் கலைப்பதற்குப் போட்டார். இரண்டாவது, குழு சிறப்பாகப் பணியாற்றியதற்கு. மூன்றாவதாக மேரியின் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பேனா முனை காகிதத்துக்கு மேல் வந்தது.

அங்கே நின்றது. அதிகாரிக்குப் பேச வேண்டும்போல இருந்தது.

"இந்தச் சந்தர்ப்பத்தில் ஒன்று சொல்ல வேண்டும். யாரோ ஒரு நேர்மையற்றவன் கன்வர்ட்டரை எடுத்தான். நேர்மையான ஒருவர், எம்பார், அதை மீட்டுத் தந்தார். கோயில் குடும்பம். பொய் என்பதே அறியாதவர். நாளைக்கு எல்லாப் பிரிவிலும் இவரைப் பற்றி அறிவிப்பு ஒட்டச் சொல்கிறேன்..."

கைதட்டினார்கள். எம்பாரால் ஒரு கைதட்டலைக்கூடத் தாங்க முடியவில்லை. மடியிலிருந்து கிழிந்த குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான்தான் சார். பூஜையன்று திருமஞ்சனம் பண்ணினேன். வெந்நீர் பட்டுக் கெட்டுப்போயிற்று. பயந்து மறைத்துவிட்டேன். நெற்றியில் இருந்ததும் பாசி இல்லை. உங்கள் மைதான்."

சொல்லி முடித்ததும் உடம்பு இறகுபோல ஆயிற்று. கோயில் புஷ்கரணியில் முழுகி எழுந்ததுபோல இருந்தது. அந்தச் சுகம் ஒரு கணம் நின்றது.

ஆதிகேசவன் பேனாவை மூடினார்.

"என்ன காரியம் செய்துவிட்டாய் எம்பார்! நீ சும்மா இருந்திருந்தால் கன்வர்ட்டர் இயற்கையாகக் காணாமல் போயிருக்கும். அதற்கு நம்மிடம் வழி இருக்கிறது. உண்மைக்கு என்ன வழி இருக்கிறது? இது இனிமேல் விசாரணை. இந்தக் குழாய் சாட்சிப் பொருள். பேனாவும் சாட்சிப் பொருள். உண்மைக்கு இந்த அலுவலகம் மிகுந்த மரியாதை கொடுக்கும். அதனால்தான் அதைக் கண்டவுடன் சீல் வைத்துவிடுகிறோம்."

"சார், அந்த ஒரு காகிதத்தில் மட்டும் போட்டுவிட்டு..."

"சாட்சிப் பொருளால் எழுதலாமா யதிராஜன்?"

"கூடாது சார்."

அரக்கை உருக்கினார்கள். குட்டைப் பேனா, கிழிந்த குழாய், பிள்ளையின் மருந்துக் குமிழ், மூன்றையும் ஒரு உறைக்குள் போட்டு முத்திரை குத்தினார்கள். சிவந்த அரக்கு மேஜையில் சொட்டியது.

எம்பார் வேலிக்குப் போனார். எல்லாவற்றையும் மேரியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அஞ்சு நிமிசம் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் கடைசியில். "உம் பாரத்த எறக்கி எம் புள்ள தலையில வச்சுட்டியே சாமி."

எம்பார் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். செய்த தப்பும் தமக்காக, சொன்ன உண்மையும் தமக்காக. இரண்டிலும் அவள் இல்லை.

அவர் நின்ற நிலையைப் பார்த்து மேரியே குரலைத் தணித்தாள். "சரி, உடு. அய்வாத. நீயும் அய்தா நான் எத்தினி பேரத்தான் தேத்துறது?"

திரும்பி வரும்போது வாசலில் அருணாச்சலம் பீடியை அணைத்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். எம்பாரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"எனக்கு ரூல்ஸ் இன்னானா, குழந்தைய உள்ள உடக் கூடாது. கண்ணால பாத்தா உடமாட்டேன். வேலை பூடும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா சாமி, அந்த மொத நாளுக்கப்புறம் உங்க கூடைய நான் என்னிக்காவது பாத்துக்கிறனா?"

மறுநாள் விடியற்காலையில் எம்பார் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோதைநாயகி தளிகையைச் சின்னத் தூக்கில் வைத்தாள். கூடையைத் துடைத்து, தன் பழைய நூல்புடவையை நாலாக மடித்து அடியில் விரித்தாள். விரித்துவிட்டு உள்ளே கன்னத்தை வைத்து, குத்துகிறதா என்று பார்த்தாள்.

பேட்டை வாசலுக்குச் சற்று முன்னால், வேப்பமரத்தடியில், சொல்லிவைத்தபடி மணியம்மாள் பிள்ளையோடு காத்திருந்தாள். கூடை கனத்தது. எம்பார் அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். உற்சவப் பெருமாளைத் தூக்கி எழுந்தருளப் பண்ணும்போது அண்ணா இப்படித்தான் நடப்பார்.

வாசலில் அருணாச்சலம் முகத்தைச் சுவருக்குத் திருப்பினான்.

"இன்னா சாமி கூடையில?"

"தளிகை."

கூடைக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது.

"காரம் ஜாஸ்தி போல" என்றான் அருணாச்சலம் சுவரிடம். "போங்க சாமி."

எம்பார் போகவில்லை. இத்தனை வருஷமாக அவனுடைய பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த வாசலைத் தாண்டியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. பிடரியில் நரைத்த மயிர் இருந்தது. காக்கை கொத்திய அந்த முதல் நாள் சாதம் நினைவுக்கு வந்தது. அதற்கு அவர் யாருக்கும் விளக்கம் எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கூடையின் மூடியைத் தாமே திறந்தார்.

"பாரு, அருணாச்சலம்" என்றார். "நீ பார்த்தால் ஒன்றும் ஆகாது."

அருணாச்சலம் உடனே திரும்பவில்லை. கையை இரண்டு தரம் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்லத் திரும்பிக் குனிந்து பார்த்தான். சளி ஒழுகும் மூக்கோடு ஜெயராஜ் அவனைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தான்.

"தளிகைதான் சாமி" என்றான் அருணாச்சலம். "பாத்துட்டேன். உள்ள கொண்டு போங்க."